நாதிர் என்று அவள் வைத்த பேர்

இன்று மத்தியானம் பேத்தி நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். வாசம் மூக்கில் ஏறியதும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். நம் கடையில் நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளில் பிழை விழுந்தால் நீங்கள் தடவுவீர்களே, அந்தச் சிவப்பு மருந்துக்கும் இதே வாசம்தான். உங்களுக்கு அது தொழில் வாசம். எனக்கு அது அவள் வாசம்.

எண்பதுகளின் தொடக்கம். பள்ளிபாளையத்தில் நம் டைப்பிங், சைக்ளோஸ்டைல் கடைக்கு அவளும் இரண்டு பையன்களும் சேலத்திலிருந்து வருவார்கள். காலேஜில் படிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள். அவர்கள் நாட்டில் அவர்களுடைய கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்துவிட்டார்கள். தப்பித்தவர்கள் ஊர் ஊராகச் சிதறியிருந்தபடியே கட்சியை நடத்தினார்கள், இவர்கள் பங்குக்குத் தங்கள் மொழியில் ஒரு பத்திரிகை. சேலத்தில் யாரும் அதைத் தொடப் பயந்தார்கள், நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். அவள் ஸ்டென்சிலில் எழுதுவாள். பிழை என்று விரல் வைக்கும் இடத்தில் நீங்கள் மருந்து தடவுவீர்கள். ஒரே தாளின்மேல் இரண்டு தலைகள். டீ கொண்டுவரும் நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முதல் இதழை வழக்கம்போல இடப்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடித்து அடுக்கிவிட்டீர்கள். அவர்கள் எழுத்து வலமிருந்து இடமாகப் போவது. புரட்டினால் கடைசிப் பக்கம் முதலில் வந்தது. அவள் கோபிக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பின்னைப் பிடுங்கினீர்கள். பத்திரிகையைத் தொடுகிற எல்லாருக்கும் கட்சிப் பேர் ஒன்று வேண்டுமாம். அன்றைக்குத்தான் உங்களுக்கு நாதிர் என்று பேர் வைத்தாள்.

"பேரு வெக்கறதுக்கு அவ யாருங்க?" என்று கேட்டேன்.

"கட்சி வழக்கம் சாமி. வெளிய எங்கீமே அந்தப் பேரைச் சொல்லிப்போடாத. அவங்க ஊருல இருக்கற சனத்துக்கு ஆபத்து" என்றீர்கள்.

நான் உங்கள் பேரையே சொன்னதில்லை. கட்டினவன் பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்த்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூட மகளை விட்டுச் சொல்லச் சொல்வேன். நேற்று வந்த அவளோ ஒரு பேரையும் வைத்து, கடைக்குள் வாய் நிறையக் கூப்பிட்டாள். அவள் ஒரு தடவை கூப்பிட்டால் எழுந்து போனீர்கள். நான் 'ஏனுங்க' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு ஆறிப்போகும். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. தப்பு செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

படிப்பு முடிந்ததும் அவர்கள் வேறு தேசம் போனார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நீங்களும் அவள் பேச்சை எடுக்கவில்லை, நானும் நிம்மதியாக இருந்தேன்.

எத்தனையோ வருஷம் கழித்து, கடைசியாக ஈரோட்டு ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் டாக்டர். மகள் அப்பா, அப்பா என்றாள். நான் ஏனுங்க என்றேன். நீங்கள் அசையவில்லை. உங்கள் சொந்தப் பேர் அப்போதும் என் நாக்கில் வரவில்லை. குனிந்து காதோரம் "நாதிர்" என்றேன்.

கண்ணைத் திறந்தீர்கள். நான் பக்கத்திலேயே, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் வாசலைப் பார்த்தீர்கள்.

அந்தப் பார்வையை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன், ஆறவில்லை. தினமும் உங்கள் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, 'ஏனுங்க' என்று கூப்பிட்டுத்தான் பேசுகிறேன். அந்தப் பேரை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் நீங்கள் மறுபடியும் வாசலைப் பார்ப்பீர்கள்.