வாய்க்காலிடம் சொன்னது

மார்கழி 9, வெள்ளி.

ஆஸ்பத்திரியில் மனைவியோடு இருந்ததில் என் தண்ணீர் முறை தவறிவிட்டது. வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. இன்று தம்பியின் முறை. மடைத் தகராறுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

மாலையில் போனால், தன் மடையை அடைத்துவிட்டு என் மடையைத் திறந்துகொண்டிருந்தான். என்னைப் பார்க்காமல் வாய்க்காலிடம் சொன்னான்: "இன்னைக்கு அங்கன போ. இங்கன பொறவு வரலாம்."

பாதி வயல் நனைந்ததும் நானும் வாய்க்காலிடமே சொன்னேன்: "போதும். அவன் பயிரும் வாடுதுல்லா."

மண்வெட்டியோடு குனிந்தவன் பைய கேட்டான்: "மைனிக்கு எப்படி இருக்கு?"

அதையும் தண்ணீரிடம்தான் கேட்டான். எனக்குத்தான் தண்ணீரிடம் பதில் சொல்ல முடியவில்லை.

"காய்ச்சல் விட்டுட்டுலே. கஞ்சி குடிச்சா."

அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். காதோரம் நரைத்துவிட்டது அவனுக்கு.