வாலுக்கு இடம் கேட்ட டாக்டரம்மாவுக்கு

டாக்டரம்மா,

இன்று ஜும்ஆவுக்குக் கிளம்பியவன், என் கறிக்கடையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். தொங்கிக்கொண்டிருந்த தொடை ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினேன். சோதனை முடிந்து அதில் குத்தியிருந்த முத்திரை சரியாகக் காயவில்லை போலிருக்கிறது, வெள்ளைச் சட்டையில் சட்டைப்பைக்கு மேலே ஊதா நிறத்தில் அரை வட்டம் விழுந்துவிட்டது. சட்டை மாற்ற வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரி பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். "ஒங்களையும் தடவிப் பார்த்துப் பாஸ் பண்ணிட்டாகளாக்கும்?" என்றாள்.

சட்டையைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனேன். ஸ்பிரிட்டும் சாயமும் கலந்த அந்த வாடை உங்கள் கைப்பையில் எப்போதும் இருந்த வாடை. உடனே உங்களுக்கு எழுத வேண்டும் போலாகிவிட்டது. படிக்க நீங்கள் இல்லை என்பது தெரியும். நீங்கள் இருந்த காலத்திலும் நான் பேசியதில் பாதியை நீங்கள் காதில் வாங்கியதில்லை, அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

நீங்கள் கால்நடை டாக்டராகக் கம்பத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் நமக்குள் நடந்த முதல் பேச்சே சண்டைதான். ஆடு அறுக்கிற பழைய ஆட்டுத்தொட்டியில், விடிந்தும் விடியாத வேளையில், வரிசையாகக் கட்டியிருந்த ஆடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். மார்க்கையன்கோட்டையில் பேரம் பேசி நான் ஆசையாகப் பிடித்துவந்த கிடாயின் தாடைக்கடியில் உங்கள் கை நின்றது. "வீங்கியிருக்கு பாய். வயித்துல புழு. இன்னைக்கு இதை அறுக்க வேணாம், மருந்து குடுத்துத் தேத்திக் கொண்டாங்க" என்றீர்கள். வீரபாண்டித் திருவிழா முடிந்து ஊரெல்லாம் கறி கேட்கிற வாரம் அது. நான் கறிக்கடைக்காரர் சங்கத்துச் செயலாளர் வேறு. தொண்டை கட்டும்வரை கத்தினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சத்தம் போட்டா வீக்கம் வடியுமா பாய்?" என்றீர்கள். தொட்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதற்குப் பிறகு எப்படிச் சண்டை போடுவது?

அந்த வருடம் பெருநாளுக்கு உங்கள் வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "பாய், தப்பா நினைக்காதீக. எங்க வீட்ல முட்டைகூட ஏறாது." ஊரில் உள்ள கறியையெல்லாம் பார்த்துப் பார்த்து முத்திரை குத்துகிறவர் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? அதன் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் உங்களுக்காகத் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில், நெய்ச்சோறும் காய்கறிக் குருமாவும் வெந்தது. "டாக்டரம்மா பாத்திரத்தைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்" என்று வீட்டுக்காரி என்னை மிரட்டுவாள்.

மாலையில் கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்கு வந்து, டெல்லியிலிருந்து வந்த காகிதங்களைப் படித்துக் காட்டுவீர்கள். இறைச்சித் தொழிலை அரசாங்கம் எந்தத் திசையில் கொண்டுபோகப் போகிறது, எதற்கு முதலிடம், எதற்கு மானியம் என்று உங்களுக்கு ஓயாத கவலை. எனக்கோ நாளை ஆடு கிடைக்குமா என்பதுதான் கவலை. ஏற்றுமதி, முதலீடு, குளிர்பதன வண்டி, தோல், எலும்புத்தூள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து ஒரு நாள் காகிதத்தைப் பட்டென்று மடக்கினீர்கள். "கப்பல்ல போற கறியை எத்தனை பேர் சோதிக்கிறாக தெரியுமா பாய்? சுத்தமான கறி வேணும்னா கம்பத்துக்காரன் கப்பல் ஏறித்தான் போகணும் போல." அவ்வளவு கோபப்பட்டு உங்களை நான் பார்த்ததில்லை. டீ சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

பிறகு அந்தக் காகிதமே நம் கடை வாசலுக்கு வந்தது. பழைய ஆட்டுத்தொட்டியை மூடினார்கள். இனி கடையிலோ கொல்லையிலோ அறுக்கக் கூடாது, தேனிப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கும் இறைச்சிக்கூடத்தில்தான் எல்லாம் என்றார்கள். அங்கே அறுத்து, கழுவி, குளிரவைத்து, வெள்ளைத் துணி சுற்றி, ஏசி வண்டியில் நம் கடைகளுக்கு அனுப்புவார்களாம். அறுப்பு எங்கள் முறைப்படி ஓதி நடக்கவேண்டும் என்று நீங்கள் முதல் நாளே போய்ப் பேசி முடித்திருந்தீர்கள். ஆனால் ஒரு நிபந்தனையும் இருந்தது. உள்ளூர்க் கடைகள் போதுமான அளவு கறி எடுக்காவிட்டால் கூடம் முழுவதையும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனிக்கே கொடுத்துவிடுவார்கள். அப்படி ஆனால் எங்களுக்கு அறுக்கவும் வழியில்லை, விற்கவும் கறியில்லை. கடையை மூடிவிட்டு கேரளத்துத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டலாம் என்று சங்கத்தில் பேசிக்கொண்டோம், அதுவும் பாதி வேடிக்கையாகத்தான்.

முதல் வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கறி பால் மாதிரி சுத்தமாக இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. தவறாமல் வருகிறவர்கள் வாசல்வரை வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள், "வீட்ல இன்னைக்கு விரதம் பாய்" என்று போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன விரதமோ. ஒருவர், "வயித்துக்குச் சரியில்ல" என்று சொல்லிவிட்டு நேரே எதிர்க்கடையில் கோழி வாங்கிக்கொண்டு போனார். நாலு கடைக்காரர்கள் சேர்ந்து பேசி முடிவுக்கு வந்தோம். நம் சனங்களுக்குச் சூடு அடங்காத கறிதான் வேண்டும், ஐஸ் கறி இந்தப் பள்ளத்தாக்கில் ஓடவே ஓடாது. மனு எழுதிக்கொண்டு உங்களிடம் வந்தோம். நீங்கள் அதைக் கையில் வாங்கவே இல்லை. "ஆளுக்காள் ஒரு காரணம் சொல்றாக. ஆனா குளிர்ச்சின்னு ஒருத்தருமே சொல்லலயே பாய்" என்றீர்கள். வியாபாரம் தெரியாதவர் பேச்சு என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு விடியலில் நீங்கள் என் கடைக்கு வந்து ஓரமாக நின்றீர்கள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. வருகிறவர்களின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாழைக்காய் மண்டி வைத்திருந்த பெரியவர் வந்தார், தொங்கும் கறியின் பின்பக்கத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "அப்புறமா வாரேன்" என்று திரும்பினார். நீங்கள் அவர் பின்னாலேயே தெருவுக்கு ஓடினீர்கள். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஓடியதைப் பார்த்து, பெரியவர் எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தான் எதிர்க்கடைக்காரன்.

கடைத்தெரு முனையில் அவரை நிறுத்தி நீங்கள் கேட்டதையும் அவர் சொன்னதையும் பின்னால் நடித்தே காட்டினீர்கள். "வாலைக் காணோமே தாயி. வால் இல்லாட்டி அது வெள்ளாடா செம்மறியான்னு நான் எதை வச்சுக் கண்டுக்கிறது? பாய்கிட்ட எப்படிக் கேக்குறது? இத்தனை வருசமா வாங்குறேன். சந்தேகப்பட்டுக் கேட்டேன்னா மனுசன் மனசு என்ன பாடுபடும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உரித்துத் தொங்கவிடும்போது வாலை முடியோடு விட்டுவைப்பது எங்கள் வழக்கம். என் வாப்பா செய்தார், நானும் செய்தேன். எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வாங்குகிறவர் முதலில் அதைத்தான் பார்க்கிறார், நிமிர்ந்து நிற்கிற வெள்ளாட்டு வால்தான், தொங்குகிற செம்மறி வால் இல்லை என்று கண்டுகொண்ட பிறகே வாய் திறந்து எடை சொல்கிறார். புதுக் கூடத்தில் சுத்தம் என்று தோலோடு வாலையும் எடுத்துவிட்டார்கள். என் சனங்கள் என்னைச் செம்மறியை வெள்ளாடு என்று விற்கிற ஏமாற்றுக்காரன் என்று சொல்ல மனசு வராமல் விரதம் இருந்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள்மேல் பாசம்தான் பொங்கியது.

அன்றே என்னையும் இழுத்துக்கொண்டு தேனிக்குக் கிளம்பினீர்கள். கூடத்து மேனேஜர் நல்ல பையன், பாவம், சட்டத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். "மேடம், டெல்லி கைட்லைன்ல வாலுக்கு இடமே இல்ல. முடி கறியில பட்டா கிருமி."

"கிருமி பத்தி நீங்க சொல்றது சரி. ஆனா வால் கூடாதுன்னு அதுல எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"எழுதலை. வேணும்னும் எழுதலையே?"

"அப்ப நாமதான் எழுதணும்" என்றீர்கள். எழுந்துபோய் வாலை நன்றாகக் கழுவச் சொல்லி, முடி கறியில் படாமல் கண்ணாடி மாதிரி இருந்த ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டி, அடியில் நூல்போட்டுக் கட்டிக் காட்டினீர்கள். மேனேஜர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "மழைக்கோட்டு போட்ட மாதிரி இருக்கு மேடம்" என்றார். "நனையாம இருக்கட்டும்" என்றீர்கள். உறை மாட்டிய வாலில் கிருமி இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகுதான் கடைகளுக்கு அனுப்ப ஒத்துக்கொண்டீர்கள். அதுவரை நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வால்கள் வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். மண்டிக்காரப் பெரியவர் வந்தார், பின்பக்கம் பார்த்தார், உறைக்குள் மேல்நோக்கி நிமிர்ந்திருந்த வாலைப் பார்த்தார். "ரெண்டு கிலோ போடுங்க பாய். நெஞ்செலும்பு கொஞ்சம் சேர்த்து" என்றார். உங்கள் பக்கம் திரும்பி, "விரதம் முடிஞ்சிருச்சு தாயி" என்றார். உச்சிப்பொழுதுக்குள் கொக்கி எல்லாம் காலி. கூடத்தில் உள்ளூருக்கென்று ஒரு பகுதி நிலைத்தது, எங்கள் கடைகளும் பிழைத்தன. குமுளியிலிருந்து வந்தவர்கள்கூட உறை போட்ட வாலைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.

நீங்கள் போன வருடம் மழைக்காலத்தில் போய்விட்டீர்கள். போடியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உறவுக்காரர்கள் எல்லாம் நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் தாடியும் தொப்பியுமாக நான். டாக்டரம்மாவை எப்படிப் பழக்கம் என்று ஒருவர் கேட்டார். "கறிக்கடை வச்சிருக்கேன்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. உங்கள் தங்கைதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "அக்கா வீட்டுக்கு வந்தா பாதி நேரம் பாய் கடைப் பேச்சுத்தான்" என்றார். நீங்கள் இல்லாதது எனக்குக் குறைதான், டாக்டரம்மா. கடைக்கு வந்து கோபப்பட இப்போது ஆளே இல்லை.

இந்த மடலை எழுத இன்னொரு காரணமும் உண்டு. புதிய இறைச்சிக் கொள்கைக்கு வரைவு போட்டிருக்கிறார்களாம். வியாபாரிகளிடம் கருத்துக் கேட்க மதுரையில் போன வாரம் கூட்டம் வைத்தார்கள். குளிர்பெட்டிக்கு வருகிற கரண்டு பில்லைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வா என்று சங்கம் என்னை அனுப்பியது. வேறு எதுவும் பேசாதே என்று சொல்லியே அனுப்பினார்கள். என்னை அவர்களுக்குத் தெரியும்.

மேடையில் வெள்ளைப் பலகை. அதிகாரி ஒருவர் வரிசையாக எழுதியிருந்தார். முதலில் ஏற்றுமதி, அடுத்து முதலீடு, அடுத்து தோல், அடுத்து கழிவு. வரிசையில் எதை மாற்றலாம் என்று கேட்டார். நான் எழுந்தேன். கரண்டு பில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வால் கதை வந்துவிட்டது. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மழைக்கோட்டைச் சொன்னபோது அதிகாரியும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் சொன்னேன். "வால் பார்த்து வாங்குறவரு வெவரம் இல்லாதவரு இல்ல சார். அவரு நம்புறதுக்கு நாம வேற எதையும் குடுக்கல. ஒங்க வரிசையில தோலுக்கு இடம் இருக்கு, கழிவுக்கு இடம் இருக்கு. இங்கன வாங்கித் திங்கிறவுக எங்க இருக்காக?"

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவும் எழுதியாச்சே, இனி எங்கங்க எழுதுறது?" என்றார்.

"மேல இடம் கெடக்கே சார்" என்றேன்.

ஏற்றுமதிக்கு மேலே, பலகையின் விளிம்பை ஒட்டி, 'உள்ளூர் மக்களுக்குச் சுத்தமான கறி' என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் நெருக்கமாக விழுந்தது, ஆனால் கடைசி வரிசைவரை தெரிந்தது. நாளைக்கு அச்சில் வரும்போது அது அங்கேயே இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் மறுபடியும் போவேன்.

திரும்பும்போது ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை சங்கத்து ஆட்கள் போனில் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். கரண்டு பில் என்னாச்சு என்றார்கள். மறந்துபோச்சு என்றேன். உண்மையாகவே மறந்துதான் போனது. இத்தனை வருடம் கறி விற்றவன், கறி தின்றவன், இதற்கு முன் ஒரு கூட்டத்திலாவது வாங்குகிறவர் பக்கம் நின்று பேசியதில்லை. அப்படிப் பேசுவதை ஒரு துண்டு கறிகூடத் தின்னாத உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெருநாளுக்குத் தனி அடுப்பு இந்த வருடமும் எரியும். நெய்ச்சோற்றை உங்கள் தங்கை வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.