ரேடியேட்டரில் செவ்வந்தி

ஞாயிறு இரவு.

சிவா அண்ணையை இன்று நடுத்தெருவில் வைத்து ஏசிவிட்டேன்.

பழைய கார் ஒன்றில் பெரிய எஞ்சின் பூட்டி, நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய ஹாட் ராட். எடுத்ததற்கெல்லாம் கொதிக்கும். போன கிழமை அண்ணை வேறு ரேடியேட்டர் பூட்டினார், கொதிப்பு நின்றது. அந்தச் சந்தோசப் புளுகத்தில்தான் இன்று விம்பிள்டன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தோம்.

சட்டனில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆவி கிளம்பியது. "நீங்கள் பூட்டின லட்சணம் இதுதானோ?" என்று கத்தினேன். சனம் பார்த்தது. அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

பின்னேரம் முன் கிரில்லைக் கழற்றினேன். ரேடியேட்டரில் செவ்வந்தி இதழ்கள் அப்பிக் கிடந்தன. காற்றே புக இடமில்லை. கோயில் மாலை. பறந்துவிடும் என்று அதைக் கிரில்லுக்கு உள்ளே கட்டியவன் நான்.

இதழ்களை எடுத்துவிட்டுக் காரை ஓடிப் பார்த்தேன். கொதிக்கவில்லை.

சற்று முன் அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"இப்ப கொதிக்குதோ, தம்பி?"

"இல்லை அண்ணை."

"நான் பூட்டினதிலை என்ன பிழை?"

"சின்னப் பிழைதான். சரிப்படுத்திட்டன்."

"என்ரை பிழைதான். குறை நினையாதை, தம்பி" என்றார்.