கன்றின் ரத்தம் சொன்னது

திருமுல்லைவாயில்
14.8.1991

அன்புள்ள பிலோமினா அப்பாவுக்கு,

ஆரோக்கியம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட்டில் வெயில் குறைந்ததா? போன வாரம் பெய்த மழையில் பின்பக்கச் சுவர் ஊறிவிட்டது. பிலோ பள்ளிக்கூடம் போகிறாள். ஸ்டேஷன் படி ஏறும்போது மட்டும் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பதில் சொல்லுமுன், திங்கட்கிழமை எங்கள் கால்நடை ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுத வேண்டும்.

பால்காரி கெங்கம்மாளின் கன்றுக்குட்டிக்குத் தொப்புள் வழியே குடல் பிதுங்கியிருந்தது. டாக்டர் ரகுநாதன் மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தார். தொண்டைக்குள் குழாய், அதில் ஆக்சிஜன். கால்களைப் பிடித்திருந்தது நான்தான். ஈறு சிவப்பாக இருந்தது, நாடி ஓடியது. எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

நடுவில் காதிலிருந்து எடுத்த ரத்தத்தைப் பரிசோதனை அறைக்குக் கொண்டுபோனேன். அங்கே தாயம்மாள் இருந்தாள். இன்னும் வேலை நிரந்தரமாகாத பெண். மெஷினில் வந்த எண்ணைப் பார்த்ததும் ஆபரேஷன் அறைக்கு ஓடினாள்.

“சார், ரத்தத்துல ஆசிட் ஏறிகினே போவுது. உள்ள கீற காத்து வெளிய வரல” என்றாள். மெஷின் கோளாறாக இருக்கும் என்றார் டாக்டர். “மெஷின் நல்லாத்தான் கீது சார். கன்னுக்குட்டிக்குத்தான் மூச்சு பத்தல.” சொல்லிவிட்டு அவள் அங்கிருந்து நகரவில்லை.

டாக்டர் கன்றின் நெஞ்சையே பார்த்தார். உடனே மருந்தைக் குறைத்து, மூச்சுப் பையைக் கையால் அமுக்க ஆரம்பித்தார். மயக்கத்தில் மூச்சு மேலோட்டமானால், ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தாலும் கரியமில வாயு ரத்தத்திலேயே தங்கி அதை அமிலமாக்கிவிடுமாம். வெளியே நிறம் மாறாதாம். விட்டால் இதயமே நின்றுவிடும் என்று பிறகு எனக்கு விளக்கினார். கால் மணி நேரத்தில் எடுத்த அடுத்த ரத்தம் தேறியிருந்தது. மதியம் கன்று எழுந்து தாயைத் தேடிக் கத்தியது. எல்லோர் முன்னாலும் டாக்டர், “உன்னாலதாம்மா பொழச்சுது” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் தம்பி இக்னேஷியஸ் ஆபரேஷன் மயக்கத்திலிருந்து எழாமலே போனதை நான் மறக்கவில்லை. பிலோவின் இதய ஆபரேஷனை நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்றும் தெரியும். நேற்று அவளுடைய டாக்டரிடமே போய்க் கேட்டேன். மூச்சைக் கவனிக்கத் தனி டாக்டர் இருப்பார், ரத்தத்தை விடாமல் பார்ப்போம் என்றார். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனால், தள்ளிப்போட்டால் பிறகு செய்யவே முடியாமல் போகும் என்றார்.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் லீவு போட்டு வந்துவிடுங்கள். கண் விழித்ததும் பிலோ முதலில் உங்களைத்தான் கேட்பாள்.

மாதா உங்களுக்குத் தைரியம் தரட்டும்.

உங்கள்
ஆரோக்கியம்மாள்