அத்தையின் தட்டணுக்கள்

மார்ச் 9. இன்று எனக்கு எழுபத்து நான்கு வயதும் இரண்டு மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன.

அன்பு மகளுக்கு,

நான் நலம், முழங்காலைத் தவிர வேறெதுவும் என்னை எதிர்த்துப் பேசுவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலம் என்று நம்புகிறேன். மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் வருகிறேன் என்று சொல்வதையே ஒரு தொழிலாகச் செய்துவருகிறார்.

போனில், "அத்தைக்கு வயசாச்சும்மா, இனிமேலாவது எதையும் மனசுல வச்சுக்காதே" என்றாய், எதை என்று தெரியாமலே. வைத்துக்கொள்ளத்தானே மனசு இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அவளே வந்தாள். ரத்தத்தில் தட்டணுக்கள் மிகக் குறைவு என்று மெஷின் சொன்னதாம், பித்தப்பை அறுவையை டாக்டர் தள்ளிவைத்துவிட்டாராம். "அண்ணி, நான் பொழைப்பேனா, நீங்கதானே ரத்தம் பாத்தவங்க" என்று அழுதாள். மருத்துவமனை ஆய்வகத்தில் நான் கழித்த காலம் தேவைப்படும்போது மட்டும் அவளுக்கு நினைவுக்கு வரும். காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைப்பவை தட்டணுக்கள். அவற்றின் மேல்தான் உறைவின் நூல்வலை பின்னப்படும். அவை அவ்வளவு குறைந்திருந்தால் தோலில் ஊதாப் புள்ளி எழும், ஈறு கசியும். இவளுக்கு ஒன்றுமே இல்லை. ரத்தம் உறையாதிருக்கக் குழாயில் போட்டிருக்கும் மருந்தைக் கண்டதும் சிலருடைய தட்டணுக்கள் திரண்டுகொள்ளும். ஒரு கும்பலையே மெஷின் ஒன்றாக எண்ணிவிடும். கும்பல் கூடும் குணம் அவளுக்கு அணுவரை ஊறியிருக்கிறது என்று அப்போதே ஊகித்துவிட்டேன். உடனே சொல்லவில்லை. தேநீர் ஆறும்வரை அழவிட்டேன், எனக்கு நன்றாகவே இருந்தது. பிறகுதான், வேறு மருந்துள்ள குழாயில் ரத்தம் எடுத்து, ஸ்லைடில் தடவியும் பார்க்கச் சொல் என்றேன். கூடவே ஒரு நிபந்தனை: ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்குப் போன் செய்து ஒரு விஷயத்தை அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது, தட்டணுக்கள் தாராளம். "அண்ணி தெய்வம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கு மட்டும் போன் வரவில்லை. இன்று திங்கள்.

நீங்கள் மூவரும் நோயின்றி நீடு வாழ என் ஆசி. குழந்தைக்கு அடிபட்டால் காயத்தைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடி. நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் அடைப்பு பிய்ந்துவிடும்.

இனி அவள் சொல்லாததை நான் சொல்கிறேன். உன் ஆறு வயதில் ஊஞ்சலும் ஐஸ்கிரீமுமாக அத்தை வீட்டில் கழித்த மாதத்தை நீ இன்றும் லீவு என்கிறாய். அது லீவு இல்லை. அப்போது உனக்குத் தட்டணுக்கள் குறைந்து, தொட்ட இடமெல்லாம் நீலம் பாரித்தது. உன் அப்பா கப்பலில். "அண்ணி குழந்தையைப் போட்டு அடிக்கிறாங்க" என்று அத்தை குழந்தைகள் நல அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். நான் காட்டிய ரத்த ரிப்போர்ட்டை, என் ஆய்வகத்தில் நானே தயாரித்தது என்றார்கள். உன்னை என்னிடமிருந்து பிடுங்கி அவளிடமே கொடுத்தார்கள். அவள் வீட்டிலும் உன் முதுகில் புதிதாக நீலம் எழுந்தது. அதனால்தான் நீ எனக்குத் திரும்பக் கிடைத்தாய். தங்கைக்காக உன் அப்பா கேட்டுக்கொண்டதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரும் போய்விட்டார்.

இப்படிக்கு,
உன்னை ஒருநாளும் அடித்திராத
அம்மா