சிவப்பு வெள்ளை வால்

அக்டோபர் 11, சனி

கடற்கரையில் இன்று என் மானம் இடுப்பிலிருந்து நழுவியது. கால்சட்டை நாடா அறுந்திருந்தது. லிஃப்ட் ரிப்பேரின்போது வாசலை மறித்துக் கட்டுவோமே சிவப்பு வெள்ளை டேப், அதைக் கிழித்துக் கட்டிக்கொண்டு ஓடப் போனேன். லிஃப்ட் மெக்கானிக் கைக்கு வேறென்ன கிடைக்கும்? பாதி வழியில் முடிச்சு அவிழ்ந்து, டேப் வால் போலப் பின்னால் பறந்தது. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டேன். எதிரே வந்தவர்கள் சிரித்ததை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து, மறு கையை வேறு ஆட்டினேன்.

சர்க்கரை ஏறிவிட்டது, ஓடு என்கிறார் டாக்டர். ஓடலாம். யார் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு ஓடுவது? இலையுதிர் காலம் வந்து பாதிக் கடைகள் அடைத்தாயிற்று. மரப்பலகை நடைபாதையில் அசிங்கம் மட்டும் குறையவில்லை. பெஞ்சில் ஒருவன் கால் நகம் வெட்டுகிறான், துண்டு என்மேல் தெறிக்கிறது. ஒரு அம்மாள் குழந்தையின் டயாபரைச் சுருட்டிப் பலகை இடுக்கில் செருகிவிட்டு, கடலை ரசிக்கிறாள். ஒரு பெரிய மனிதன் எச்சில் பன்னைக் கடற்பறவைகளுக்கு வீசி, அவை ஒன்றையொன்று கொத்திக்கொள்வதைப் படம் எடுக்கிறான். த்தூ. துப்பலாம் என்றால் அதற்கும் இடமில்லை, ஏற்கெனவே துப்பி வைத்திருக்கிறார்கள்.

கைப்பிடிக் கம்பியோரம் இளசுகள் கும்பல் ஒன்று, தலையை மூடிய சட்டைகளில், ஃபோனைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பில் குலுங்கியது. முகங்களைப் பார்க்கவில்லை. எனக்குக் கால்சட்டைதான் கவலை.

அக்டோபர் 12, ஞாயிறு

மகளை ஓடக் கூப்பிட்டேன். "உங்ககூடவாப்பா?" என்றாள். போன வருடம் வரை என் கையில் தொங்கிக்கொண்டு வந்தவள். இப்போது கடைக்குப் போனாலும் யாரோ போல முன்னால் நடக்கிறாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

கூட வேலை செய்பவன் ஃபோனை நீட்டினான். "அண்ணே, நம்ம டேப் மாதிரி இருக்கேன்னு பாத்தேன். டேப்பும் நம்மளுது, ஆளும் நம்மாளு."

நான்தான். தொப்பை தளும்ப, வால் பறக்க, மந்திரி மாதிரி கையசைத்துக்கொண்டு. மேலே, 'பழுதுபார்ப்பு நடக்கிறது, விலகிச் செல்லவும்'. எழுதியதுக்கு மூளை இருக்கிறது. நானும் சிரித்துவிட்டேன்.

அவன் சத்தத்தைக் கூட்டினான்.

எடுத்தவள் சிரிக்கிறாள். மூச்சு முட்டச் சிரித்து, நடுவில் பன்றிக்குட்டி மாதிரி ஓர் உறுமல். மோட்டார் எங்கே உரசுகிறது என்று கேட்டே சொல்கிற காது இது. பெற்ற மகளின் சிரிப்பு தெரியாதா?

"யாருண்ணே எடுத்திருப்பாங்க?"

"வேலையத்ததுங்க," என்றேன்.

அக்டோபர் 15, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்து அவள் மெல்லுவதைப் பார்த்தால் குமட்டுகிறது. பெத்த பொண்ணைப் பாத்துக் குமட்டுமா ஒருத்தனுக்கு? குமட்டுதே. நகம் வெட்டுனவன் யாரோ, டயாபர்க்காரி யாரோ — இது நான் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சதாச்சே!

அக்டோபர் 17, வெள்ளி

ஏன் ஓடப் போகவில்லை என்று மனைவி கேட்டாள். முட்டி வலி என்றேன். "வயித்துக்கு வந்தது முட்டிக்கும் வந்துருச்சா? நாலு நாளா சோறும் எறங்கல," என்றாள். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அப்புறம் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். காணோம், அழித்துவிட்டிருக்கிறாள்.

அக்டோபர் 18, சனி

கால்சட்டையில் புது நாடா கோத்திருக்கிறது. உருவி வராமல் இரண்டு நுனியிலும் குண்டு முடிச்சு. நான் கோக்கவில்லை என்கிறாள் மனைவி.

அக்டோபர் 19, ஞாயிறு

ஓடினோம். அவளும். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, பக்கத்திலேயே.

நகம் வெட்டுகிறவன் அதே பெஞ்சில் இன்னொரு காலை வைத்துக்கொண்டிருந்தான். "ச்சீ," என்றாள். என் ரத்தம்தான்.

கைப்பிடிக் கம்பி வந்ததும் அவள் நடை தளர்ந்தது. "அப்பா, அன்னைக்கு இங்க…" என்று ஆரம்பித்தாள்.

"பேசிக்கிட்டே ஓடுனா மூச்சு வாங்கும்மா. வா," என்றேன்.

கொஞ்ச தூரத்தில் பன்காரன். கடிக்க வாயைத் திறந்த நேரம், பறவை ஒன்று பன்னோடு பறந்துவிட்டது. சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உறுமினோம். அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

'வீடியோவில் உன் சிரிப்பைக் கேட்டேன், அது என் சிரிப்பு' — வாய் வரை வந்தது. நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன்.