எட்டு கிராம்

ஹோல்ஸ்டாட்,
ஜூன் 29, திங்கட்கிழமை

அன்புள்ள அன்னெகிரேட்டுக்கு,

தீவுக் காற்று உன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்கிறது என்று நம்புகிறேன். நல்ல செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். உன் மகன் கேரியோன் நேற்று வட்டை ஐம்பத்தெட்டு மீட்டர் ஏழு சென்டிமீட்டர் எறிந்தான். தகுதித் தூரம் ஐம்பத்தெட்டு. இளையோர் ஐரோப்பியப் போட்டிக்குப் போகிறான். விளையாட்டு விடுதியில் இடமும் உறுதி. செப்டம்பரில் மாமனோடு கூரையேறி ஓடு மாற்ற வேண்டியதில்லை.

போன ஞாயிறே தகுதி பெற்றுவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னானே என்று நீ குழம்புவாய். அவன் பொய் சொல்லவில்லை. அந்த எறிதல் பிறகு செல்லாததாயிற்று. செல்லாததாக்கியவள் நான். உன்னைக் கலவரப்படுத்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் வாரம் முழுவதும் எல்லோரும் வாய்மூடி இருந்தோம். இப்போது சொல்லலாம்.

பதினேழு வருடமாக நம் சங்கப் போட்டிகளில் எடை மேசை என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். வட்டை எடை போட்டு, விட்டம் அளந்து, சரியாக இருந்தால் பச்சை மையில் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டில்லாத வட்டு களத்துக்குள் போகாது. போன ஞாயிறு காலை கேரியோன் இரண்டு வட்டுகளை நீட்டினான். புதியதை எடை போட்டேன். மற்றது என் கணவர் எவால்ட் இறப்பதற்கு முந்தைய வருடம் சங்கத்துக்கு வாங்கிக் கொடுத்தது. அதை நான் தராசில் வைக்கவே இல்லை. எவால்ட் வாங்கிய பொருளில் குறை இருக்காது என்ற கர்வம். பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டேன். அந்த வட்டில்தான் அவன் ஐம்பத்தெட்டு மீட்டர் நாற்பது எறிந்தான்.

திங்கட்கிழமை வட்டுகளைத் துடைத்து அடுக்கும்போது, ஏதோ தோன்றி, அதை எடை போட்டேன். ஆயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு கிராம். ஆயிரத்து எழுநூற்று ஐம்பது இருக்க வேண்டும். சரளையில் விழுந்து விழுந்து விளிம்பு தேய்ந்திருக்கிறது. தராசின் பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். மருந்துக் கடைத் தராசிலும் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் அதே எட்டு கிராம் குறை.

நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். ஒரு மதிப்பெண் கூடுதலாக விழுந்துவிட்டால் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று வளர்த்தார்கள். அப்போதெல்லாம் குறைந்தது என் மதிப்பெண். இந்த முறை குறையப்போவது பையனுடையது. மாவட்டச் சங்கத்துக்கு நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதி, தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் பயிற்சியாளர் குனோவிடம் போனேன். என்னை எனக்குத் தெரியும். முதலில் அவரிடம் பேசியிருந்தால் இணங்கியிருப்பேன்.

குனோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“எட்டு கிராம், வால்புர்காம்மா. ஒரு மடக்கு பீர் அதைவிட கனம். உங்களத் தவிர யாருக்குத் தெரியப் போகுது?”

அதுதான் சிக்கல் என்றேன். தகுதிக்குக் கடைசி நாள் அடுத்த ஞாயிறு. ஆறு நாளில் பையன் மறுபடி எறிய வேண்டும். அவன் வாழ்நாளில் ஐம்பத்தெட்டைத் தாண்டியது அந்த ஒரு முறைதான் என்றார் குனோ. எனக்கும் தெரியும்.

அன்று மாலை கேரியோன் என் வாசலுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அமைதியாகக் கேட்டான்:

“வேற யாரோ வாங்கிக் குடுத்த வட்டா இருந்தா எடை போட்டிருப்பீங்கதானே, அத்தை?”

ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். அதன் பிறகு ஐந்து நாள் தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தான்.

நேற்றைய போட்டி பக்கத்து ஊரில். எடை மேசைக்கு நான் போகவில்லை. பச்சைப் பேனாவைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டேன். மைதான வேலிக்கு வெளியே, தொத்திறைச்சி சுடுகிறவர்களின் புகையில் நின்றேன். நான் கொண்டுபோன மார்பிள் கேக்கை நம் சங்கத்தார் யாரும் தொடவில்லை. எதிரணிப் பிள்ளைகள்தான் தின்றார்கள். கேரியோனின் முதல் எறிதல் பாதுகாப்பு வலையில் பட்டது. இரண்டாவதில் வளையத்தை மிதித்தான். பிறகு ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு தொண்ணூறு. ஐந்தாவது செல்லாது என்று சிவப்புக் கொடி. அன்னெகிரேட், என் கணவரின் அறுவை சிகிச்சையன்றுகூட நான் இவ்வளவு ஜெபிக்கவில்லை.

ஆறாவது வட்டு காற்றில் தட்டையாகப் போயிற்று. அளந்தவர் இரண்டு முறை அளந்தார். எண்ணை அறிவித்ததும், யாரும் கேட்காமலே குனோ அந்த வட்டைத் தூக்கிக்கொண்டு தராசுக்கு ஓடினார். அங்கிருந்தே என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

“ரெண்டு கிராம் கூடவே இருக்கு. இப்பவாவது தூங்குவீங்களா?”

மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வேலியைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியவில்லை.

கேரியோன் நேராக வேலிக்கு வந்தான். “ஐரோப்பாப் போட்டிக்குப் போறதுக்கு முன்னாடி என் வட்டெல்லாம் நீங்கதான் எடை போட்டுத் தரணும். வேற யாரும் வேணாம்” என்றான். ஈரச் சட்டையை முதலில் மாற்று, சளி பிடிக்கும் என்றேன். நேற்று இரவு ஒரு வாரம் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை உனக்குத் தொலைபேசியில் பேசுவான். அவனாகச் சொல்லும் வரை நீ எதுவும் கேட்காதே. அவன் விருப்பப்படி சொல்லட்டும். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில் ஆறு முட்டை. உன் நல்ல பாத்திரங்களில் ஒன்றின் அடியைத் தீய்த்துவிட்டான், தேய்த்து வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுச் சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது. தினமும் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். சாவியை இனியும் நானே வைத்திருக்கலாமா என்று ஒரு வரி எழுது. தபால் அட்டையில் எழுதினாலும் போதும்.

ஆண்டவர் உன் மூச்சைச் சீராக்கி, உன்னை நலமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் மகனின் ஞானத்தாய்
வால்புர்கா